கூசேன்வில் தோட்டத்தை நாங்கள் பொறுப்பெடுக்க வேண்டுமா?

(ஒக்டோபர் மாதச் சந்திப்பில் கதைத்ததன் எழுத்து வடிவம். அன்றைக்கு வரமுடியாமல் போன தோழர்கள் கேட்டதால் மடலில் சேர்க்கிறோம். பேச்சுநடையைப் பெரிதாகத் திருத்தவில்லை.)



முதலில் ஒரு மன்னிப்பு. வழமையாக லாச்சப்பலில் கூடுகிற எங்களை இந்த முறை ஆர்.ஈ.ஆர். டியில் ஏற்றிக் கூசேன்வில் வரைக்கும் கூப்பிட்டது நான்தான். கார் து நோரிலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம் என்று எழுதினேன். ஸ்டேசனில் இறங்கினபிறகு இன்னும் இருபது நிமிசம் நடக்கவேண்டும் என்று எழுதவில்லை. வேண்டுமென்றுதான் எழுதவில்லை.

இடையில் விமானம் போனால் நான் நிறுத்துவேன், போனபிறகு தொடருவேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் ரீச்சர்மாரும் அப்படித்தான் செய்தவை.

விசயம் உங்களுக்குத் தெரியும்தானே. எங்கள் வட்சப் குழுவில் மூன்று கிழமையாக அடிபடுகிறது. என்ர அப்பாவிடம் இங்கே ஒரு சின்னத் தோட்டம் இருக்கிறது. நூறு சதுர மீற்றர், கொஞ்சம் கூடக்குறைய. ஒரு கொட்டில், ஒரு தண்ணீர் பீப்பா, வேலிப் படலைக்கு ஒரு சாவி. அப்பாவுக்கு இப்ப முழங்கால் ஏலாது, ஒப்பரேசன் செய்யவேண்டும். ஒரு பருவம் சும்மா கிடந்தால் தோட்டச் சங்கம் அந்தத் துண்டைக் காத்திருப்புப் பட்டியலில் அடுத்து நிற்கிறவருக்குக் கொடுத்துவிடும். அது நியாயமான விதிதான், அப்பாவும் நாலு வருசம் காத்திருந்துதான் எடுத்தவர். ஆகவே நான் கேட்டேன்: எங்கள் அமைப்பிலேயே கூசேன்வில்லில் குடியிருக்கிற ஐந்து பேர் இருக்கிறோம், எங்களில் ஒருவரின் பெயரில் எழுதி எல்லோரும் சேர்ந்து செய்வமா?

வந்த பதில்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒரு தோழர் எழுதினார், பொழுதுபோக்குத் தோட்டம் என்பது நடுத்தர வர்க்க விளையாட்டு, வீட்டு வாடகைக்கும் விசாவுக்கும் ஆட்கள் அலைகிற நேரத்தில் நாங்கள் தக்காளி நடுறதோ என்று. ஒரு தோழி எழுதினா, மண்ணை இழந்த சனம் நாங்கள், எங்கட கை திரும்பவும் மண்ணைத் தொடவேண்டும் என்று. கூடவே மூன்று பச்சை இதயம். எனக்கு இரண்டு பேரோடும் சண்டை இருக்கு. இரண்டாவது ஆளோடு கூட.

ஏனென்றால் அந்த இரண்டாவது வசனத்தை நானும் ஒருகாலம் சொல்லித் திரிந்தவள். பத்தொன்பது வயதில், ஒரு ஊர்வலத்துக்கு, "எங்கள் நிலம் எங்களுக்கு வேண்டும்" என்று மட்டையில் எழுதி வீட்டு விறாந்தையில் காயவிட்டிருந்தேன். வலிகாமம் வடக்குக் காணிகளை இராணுவம் விடவேண்டும் என்ற ஊர்வலம். அப்பா வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அதை வாசித்துப்போட்டுக் கேட்டார்.

"பிள்ளை, உது ஆற்றை காணி?"

"எங்கடதான் அப்பா. அப்பப்பா தோட்டம் செய்த இடம்."

"அப்பப்பா தோட்டம் செய்தவர்தான். காணி அவற்றை இல்லை."

அவ்வளவுதான் சொன்னவர். பிறகு சாப்பிடப் போய்விட்டார். மிச்சத்தை நான் துண்டு துண்டாகத்தான் அறிந்தேன், சில துண்டுகளை அம்மாவிடம், சிலதை அத்தையிடம் தொலைபேசியில்.

அப்பப்பா வலிகாமம் வடக்கில் மற்றவர்களின் தோட்டத்தில் கூலி. வெங்காயம் கிண்டுகிறது, புகையிலைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிவிடுகிறது, இறைப்பு மிசின் வருவதற்கு முந்தின காலத்தில் துலா மிதிக்கிறது. அந்தக் கிணற்றில் அவர் தன் கையால் தண்ணீர் அள்ளிக் குடிக்கக்கூடாது. துலா மிதிக்கலாம். தேத்தண்ணி சிரட்டையில். நான் இதைக் கதைப் புத்தகத்தில் வாசித்துச் சொல்லவில்லை, இது என்ர அப்பாவின்ர அப்பா. செம்மண், நல்ல தண்ணீர், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனின் உழைப்பு என்று நாங்கள் பெருமையாகச் சொல்லுகிறோமே, அந்த உழைப்பில் ஒரு பெரிய பங்கு காணி இல்லாதவர்களின் உழைப்பு. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்தில் தொடங்கிய தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டமும் எந்த மண்ணில் நடந்தன? அதே வலிகாமம் வடக்கில்தான், அதைச் சுற்றித்தான். இடதுசாரிகள் என்று சொல்கிற நாங்கள் இந்த இரண்டு வரலாற்றையும் வேறுவேறு கோப்பில் போட்டு வைத்திருக்கிறோம். காணி மீட்பு ஒரு கோப்பில், சாதி இன்னொரு கோப்பில்.

1990இல் பலாலி இராணுவத் தளத்தையும் விமான ஓடுதளத்தையும் சுற்றி இருந்த சனம் முழுக்க எழும்பவேண்டி வந்தது. காணிக்காரரும் எழும்பினார்கள், கூலிக்காரரும் எழும்பினார்கள். 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தல் ஒட்டியது. சனம் வழக்குப் போட்டது, வீதியில் இருந்தது, பிறகு துண்டு துண்டாகக் காணி விடுபட்டது, இன்னும் விடுபடாத பகுதி இருக்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் காணி விடுபட்ட பிறகும் முகாம்களை விட்டுப் போகாமல் கொஞ்சக் குடும்பங்கள் இருந்தன. ஏன் போகவில்லை என்று கேட்ட அதிகாரிகளும் இருந்தார்கள். அவர்களுக்குப் போவதற்குக் காணி இல்லை. விடுபட்டது முதலாளியின் காணி. அப்பப்பா மல்லாகம் பக்கத்து நலன்புரி முகாமில், தகரக் கொட்டிலில், 2011இல் காலமானார். அவருடைய பெயரில் ஒரு பரப்புக் காணியும் எந்தக் காலத்திலும் இருக்கவில்லை.

ஆகவே "எங்கட மண்" என்று பச்சை இதயம் போடும்போது ஒருக்கால் யோசியுங்கோ. யாருடைய கை அந்த மண்ணில் இருந்தது, யாருடைய பெயர் உறுதியில் இருந்தது. இரண்டும் ஒன்றில்லை.

சரி, கூசேன்வில்லுக்கு வருகிறேன். அப்பா 1992இல் பிரான்சுக்கு வந்தவர். எல்லோருடைய அப்பாவைப் போலவும் முதலில் கோப்பை கழுவினார், பிறகு வெட்டிக் கொடுத்தார், பிறகு சமைத்தார். இந்தத் தோட்டத் துண்டு 2014இல் கிடைத்தது. அதுதான் எங்கள் பரம்பரையில், வாடகைக்கென்றாலும், ஒரு படலைச் சாவியோடு கிடைத்த முதல் நிலம். முதல் வருசம் அப்பா என்ன செய்தார் தெரியுமா? முழுத் துண்டிலும் வெங்காயம் நட்டார். வேறு ஒன்றுமில்லை. இங்கே மாசி மாதத்தில் கடைகளில் நடுவதற்கென்று எஷலோட் பை விப்பினம், அது எங்கட சின்ன வெங்காயத்துக்குப் பெரியண்ணை மாதிரி, குமிழை அப்படியே நட்டால் கொத்தாக வரும். அதைத்தான் பாத்தி பிடித்து, வாய்க்கால் வெட்டி, ஏதோ செம்மண் தறை மாதிரி. குழாய் இருக்கேக்க ஏன் வாய்க்கால் என்று எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்துத் துண்டுக்காரர் ஒரு போர்த்துக்கல் ஐயா, கட்டட வேலை செய்து ஓய்வெடுத்தவர். அவர் வேலியால் எட்டிப்பார்த்து, "உன் குடும்பம் சூப் மட்டும்தான் குடிக்குமோ?" என்று கேட்டாராம்.

ஆடி மாதம் கிண்டி எடுத்து, பின்னிக் கட்டி, எங்கள் நாலாம் மாடி பல்கனியில் தொங்கவிட்டார். வீடு முழுக்க மணம். எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது, சிநேகிதிகள் வருகிற வீடு. அவர் ஏன் வெங்காயத்தை நட்டார் என்று எனக்கு விளங்க இன்னும் நாலைந்து வருசம் எடுத்தது. என்ன நடுவது, எப்போது கிண்டுவது, யாருக்குக் கொடுப்பது என்று அவர் தானே முடிவெடுத்த முதல் வெங்காயம் அது.

இப்போது முதலாவது தோழருக்கு வருகிறேன். பொழுதுபோக்குத்தான், நான் மறுக்கவில்லை. பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதேங்கோ. போன வருசம் நான் ஒரு கொப்பியில் கணக்கு எழுதினேன். துண்டுக்கான கட்டணம், விதை, கண்டுகள், போர்க்கிற துணி, குதிரை எரு ஏற்றிவந்த வான் செலவு, எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 270 யூரோ. பிடுங்கினதெல்லாவற்றையும் லாச்சப்பல் கடை விலையில் போட்டுப் பார்த்தால் 600 யூரோ. மிச்சம் 330. நாங்கள் எல்லோரும் வேலை செய்த நேரம் ஏறக்குறைய முன்னூறு மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு ஒரு யூரோ பத்து சதம். இதுக்கு ஒரு முதலாளி எங்களைக் கூப்பிட்டிருந்தால் நாங்கள் தொழிற்சங்கத்துக்குப் போயிருப்போம்.

விற்கவும் ஏலாது. இங்கத்தைச் சட்டப்படி குடும்பத் தோட்டத்தில் விளைகிறது வீட்டுத் தேவைக்குத்தான், வியாபாரம் கூடாது. எனக்கு அந்த விதி பிடிக்கும். மிஞ்சினதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். கொடுக்கிறதால் என்ன நடக்குது என்பதற்கு ஒரு உதாரணம். போர்த்துக்கல் ஐயா ஒரு கோவா வகை வளர்க்கிறார், உயரமான தண்டில் அகல இலை, தலை கட்டாது, "கூவ்" என்பார்கள். அவர் அதை நூல் மாதிரிச் சீவி சூப்புக்குப் போடுவார். அதே மாதிரிச் சீவிக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்து ஒரு டப்பாவில் திருப்பிக் கொடுத்தார். அடுத்த கிழமை ஐயா வேலிக்கு மேலால் ஒரு நாற்றுத்தட்டோடு நிற்கிறார். இப்ப எங்கள் வீட்டில் கூவ் வறை இல்லாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. அந்தப் பக்கம் மாலியிலிருந்து வந்த ஒரு அம்மா. அவவும் அப்பாவும் ஒவ்வொரு வருசமும் வெண்டி நட்டு, ஒவ்வொரு வருசமும் குளிரில் ஆளுக்குப் பத்துக் காய்தான் எடுத்து, சேர்ந்து கவலைப்படுவார்கள். இரண்டு பேரின் பிரெஞ்சும் இரண்டு விதம். வெண்டி விசயத்தில் விளங்காமல் போனதே இல்லை.

நாங்கள் கூட்டறிக்கைகளில் "புலம்பெயர் தொழிலாளர் ஐக்கியம்" என்று எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். பாரிசில் பத்து வருசமாக நான் அரசியல் செய்கிற இடங்களில், ஓய்வெடுத்த போர்த்துக்கல் மேசன் ஒருவரோடு ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்தது இந்த வேலியில் மட்டும்தான். அவருடைய முதலாளி அவரை எப்படி ஏமாற்றினவர், ஓய்வூதியத்தில் எந்தெந்த வருசங்கள் காணாமல் போயின, எல்லாம் நத்தை பொறுக்கிக்கொண்டே சொன்னார். ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்து இதை எடுக்க முடியாது.

அடுத்தது, பிழைவிடுகிற பழக்கம். எங்களைப் போல இங்கே படித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பிழைவிடப் பயம். இரண்டு வருசத்துக்கு முந்தி, சித்திரையில் ஒரு கிழமை நல்ல வெயில். நான் பொறுக்கமாட்டாமல் ஜன்னலில் வளர்த்த பூசணி, பயிற்றங்காய், மிளகாய்க் கண்டு நாற்பதையும் கொண்டுபோய் நட்டேன். மே 11, 12, 13 தாண்டமுன்னம் நடாதே என்று ஐயா சொன்னவர். அந்த மூன்று நாளும் மூன்று புனிதர்களின் நாட்கள், அதுவரைக்கும் உறைபனி வரலாம் என்பது இங்கத்தைக் கமக்காரரின் கணக்கு. நான் அதை மூடநம்பிக்கை என்று நினைத்தேன். நான் முதுகலை மாணவி பாருங்கோ. 12ஆம் திகதி விடிய வந்து பார்த்தால் நாற்பதும் அவித்த கீரை மாதிரிக் கிடந்தன. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

எது வரும், எது வராது என்று கேட்டீர்கள். முளைக்கீரை ஆனியில் விதைத்தால் நல்லாய் வரும், வெந்தயக்கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி, பூசணி, போஞ்சி, லீக்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் வரும். கத்தரியும் மிளகாயும் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வரும். புடோலும் பாவற்காயும் கோடை நல்லதென்றால் கொஞ்சம். முருங்கை வராது, கனவு காணாதேங்கோ. எங்கட தலைக்கு மேலால் விமானத்தில் வந்து இறங்குகிற முருங்கைக்காயை, நாங்கள் ரயில் ஏறி லாச்சப்பலுக்குப் போய் வாங்கி, திரும்பவும் அதே விமானத்துக்குக் கீழ கொண்டுவந்து சமைக்கிறோம். அதையும் யோசிக்கவேண்டும்.

இவ்வளவு நல்லது சொன்னபிறகு, தோட்டத்தைப் பற்றி நான் பயப்படுகிற ஒன்றையும் சொல்லவேண்டும்.

இந்தச் சின்னத் தோட்டங்கள் பிரான்சில் எங்கிருந்து வந்தன? 1896இல் அபே லெமிர் என்ற பாதிரியார், அவர் அஸ்புறூக் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும்கூட, தொழிலாளிகளுக்கு ஆளுக்கொரு துண்டு நிலம் என்று ஒரு சங்கம் தொடங்கினார். அப்போது பெயர் "தொழிலாளர் தோட்டம்". 1952இல்தான் சட்டத்தில் "குடும்பத் தோட்டம்" ஆனது. பாதிரியார் நல்ல மனிதராக இருந்திருக்கலாம். ஆனால் நிலம் கொடுத்த முதலாளிகளின் கணக்கு வேறு: ஞாயிற்றுக்கிழமை தொழிலாளி தோட்டத்தில் நின்றால் சாராயக் கடைக்குப் போகமாட்டான், சோசலிசக் கூட்டத்துக்கும் போகமாட்டான். பிறகு 1940இல் விஷி அரசாங்கம் "மண்ணுக்குத் திரும்புங்கள்" என்று பிரசாரம் செய்தது. பெத்தானின் வாயில் மண் என்பது என்ன என்று வரலாறு படித்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யூதர்களைப் பிடித்துக் கொடுத்த அதே அரசாங்கம் அது.

எங்கட நாட்டுக்கு வாங்கோ. 2021 மே மாதத்தில் கோட்டாபய அரசாங்கம் ஒரேயடியாக இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. கமக்காரரிடம் கேட்கவில்லை, மாற்று ஒழுங்கு செய்யவில்லை. கூட்டெரு இரவோடிரவாக வராது என்று ஒரு பாத்தி கொத்தின எவருக்கும் தெரியும். விளைச்சல் விழுந்தது, நவம்பரில் தடையை எடுத்தார்கள். அடுத்த வருசம் டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, சாப்பாட்டு விலை ஏறிவிட்டது. 2022 ஜூனில் அரசாங்கம் என்ன சொன்னது? அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு, வீட்டில் இருந்து மரக்கறி நடுங்கோ என்றது. காணி இருக்கிறவர் நடலாம். கொழும்பு லயின் வீட்டில் இருக்கிறவர் எதில் நடுவது? மலையகத்தில், பரம்பரை பரம்பரையாகக் கம்பனி மண்ணில் கொழுந்து பறிக்கிறவர் யாருடைய நிலத்தில் நடுவது?

அதனால் தோட்டத்தின் நன்மைகள் என்று பட்டியல் போடுகிற ஆட்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன். சம்பளத்துக்குப் பதிலாக, மானியத்துக்குப் பதிலாக, காணிக்குப் பதிலாக ஒரு பை விதையை நீட்டினால், அது தோட்டமில்லை. எங்கட தோட்டம் எதற்கும் பதிலாக இருக்கக்கூடாது.

எதற்குப் பதிலாக என்று சொன்னபோது ஞாபகம் வந்தது, நாங்கள் நிற்கிற இடத்தைப் பற்றி. இந்தச் சமவெளி முழுக்க ஆழமான வண்டல் மண், பிரான்சின் மிக நல்ல கோதுமை நிலங்களில் ஒன்று. இல்-து-பிரான்சின் நிலப்பரப்பில் ஏறக்குறையப் பாதி இன்னும் விவசாய நிலம் என்று சொன்னால் பாரிசில் இருக்கிற யாரும் நம்பமாட்டினம். கூசேன்வில் பழைய ஊர் இங்கிருந்து நடை தூரம். 1973 ஜூன் 3 அன்று லு பூர்ஜே விமானக் கண்காட்சியில் பறந்த சோவியத் துப்பலெவ் 144 அந்த ஊரில் விழுந்தது. விமானத்தில் ஆறு பேரும் தரையில் எட்டுப் பேரும் செத்தார்கள். அடுத்த வருசம் றுவாசி விமானநிலையம் திறந்தது. இரைச்சலில் சனம் இருக்கேலாமல் வீடுகளை விற்றுப்போட்டுப் போனது. ஜன்னல்களுக்குக் கல் வைத்து அடைத்த வீடுகள் இன்னும் நிற்கின்றன, நடுவில் பழைய கோயில். சின்ன வயதில் அங்கே கூட்டிக்கொண்டு போனபோது அப்பா சொன்னார், "ஊரில எங்கட பக்கமும் உப்பிடித்தான், அங்க ஆமி, இங்க ஏர்போட்."

அந்தப் பக்கம் கொனெஸ். அங்கே எண்பது ஹெக்டயரில் "யூரோப்பாசிற்றி" என்று கடைத்தொகுதி, பனிச்சறுக்கு மைதானம் எல்லாம் சேர்த்து ஒரு திட்டம், மூன்று பில்லியன் யூரோவுக்கு மேல். கோதுமை வயலில் பனிச்சறுக்கு. 2011இலிருந்து ஒரு மக்கள் குழு எதிர்த்தது, அதே நிலத்தில் பாரிசுக்கு மரக்கறி விளைவிக்கலாம் என்று மாற்றுத் திட்டமும் எழுதிக் கொடுத்தது. 2019 நவம்பரில் அரசாங்கம் கைவிட்டது. அதே வருசம் ஒக்டோபரில்தான் பலாலியைச் சர்வதேச விமானநிலையம் என்று திறந்தார்கள். ஒரு மாத இடைவெளி. எங்கள் குழுக்களில் பலாலியைப் பற்றி நூறு பகிர்வு இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நிலம் தப்பினதைப் பற்றி ஒன்றும் இல்லை. 2021 பெப்ரவரியில் அங்கே மெற்றோ ஸ்டேசன் வேலைக்கு எதிராக இரண்டு கிழமைக்கு மேல் ஆட்கள் குளிருக்குள் கூடாரம் அடித்து இருந்தார்கள். நானும் இரண்டு நாள் போனேன். தமிழ் ஆட்கள் வேறு யாரையும் காணவில்லை, இத்தனைக்கும் கொனெஸ், வில்லியே-லு-பெல், சார்செல் முழுக்க எங்கட சனம்.

ஒபெர்வில்லியேயையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கோட்டைக்குப் பக்கத்தில் 1935இலிருந்து தொழிலாளர் தோட்டங்கள். 2024 ஒலிம்பிக் பயிற்சிக்கென்று நீச்சல் தடாகம், அதோடு வெயில் காய ஒரு மேடையும். அதுக்காக 2021 செப்ரெம்பர் 2 அன்று, மாதக்கணக்காக அங்கே இருந்தவர்களை எழுப்பிவிட்டு, ஏறக்குறைய நாலாயிரம் சதுர மீற்றரை இயந்திரம் விட்டு இடித்தார்கள். தோட்டக்காரர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தடாகம் வந்தது. வெயில் மேடைத் திட்டத்தைக் கைவிடவேண்டி வந்தது. ஆனால் இடித்த இடத்தில் நின்ற பழமரங்கள் போனது போனதுதான். அந்த வழக்கை நடத்தினவர்கள் எல்லாம் சூழலியல் படித்தவர்களில்லை. தங்கட அத்திமரத்தின் வயது தெரிந்தவர்கள். நிலத்தைப் பற்றின சட்டம் வாசிக்க ஒரு காரணம் வேண்டும். 1976 சட்டப்படி, பொதுத் தேவைக்கென்று குடும்பத் தோட்டத்தை எடுத்தால் சமமான மாற்று நிலம் கேட்கலாம். நான் சட்டம் படிக்கவில்லை. எங்கட வெங்காயப் பாத்திக்குத்தான் அதைத் தேடி வாசித்தேன்.

இனி நடைமுறை. நாங்கள் எடுப்பது என்று முடிவு செய்தால் எனக்கு மூன்று நிபந்தனை இருக்கு. நாலாவது அம்மாவின்ர.

மண்ணைச் சோதித்துப் பார்க்கவேண்டும், முதல் மாதமே. எங்கட வல்-துவாஸ் மாவட்டத்திலேயே பியெர்லே சமவெளியில் நூறு வருசம் பாரிசின் கழிவுநீரைப் பாய்ச்சி மரக்கறி விளைவித்தார்கள், ஈயமும் கட்மியமும் சேர்ந்து, 2000ஆம் ஆண்டளவில் மரக்கறி விற்கவே தடை வந்தது. எங்கட துண்டு அப்படி இல்லை என்று நம்புகிறோம், ஆனால் நம்பிக்கை சோதனை ஆகாது. மருந்து அடிக்கிற கதையே இல்லை. 2019இலிருந்து வீட்டுத் தோட்டக்காரர் இரசாயன மருந்து பாவிக்கக்கூடாது. அப்பா ஊரில் அப்பப்பா முதுகில் மருந்துத் தாங்கியோடு நின்றதைப் பார்த்தவர், முகத்துக்கு ஒரு துணிகூட இல்லாமல். சட்டம் வரமுதலே அவர் தொடமாட்டார்.

இரண்டாவது, சுற்றுமுறை. ஆறு பேர் பெயர் கொடுத்தால் ஆறு பேரும் மாரியிலும் வரவேண்டும். மே மாதம் படம் எடுக்க நாற்பது பேர் வருவீர்கள், எனக்குத் தெரியும். ஆடி ஆவணியில் எல்லோரும் விடுமுறையில் போக, தண்ணீர் ஊற்ற ஒருத்தி மட்டும் நிற்பாள். அந்த ஒருத்தி நானாக இருக்கப் போவதில்லை.

மூன்றாவது, இதை வைத்து இன்ஸ்ராகிராமில் "வேர்களுக்குத் திரும்புகிறோம்" என்று போடக்கூடாது. இது எங்கட வேர் இல்லை. எங்கட வேரில் துலாவும் சிரட்டையும் இருக்கு. அதைப் பற்றிக் கதைக்க ஆயத்தமென்றால் கொட்டிலுக்குள் நாலு கதிரை இருக்கு, வாங்கோ கதைப்பம். ஒரு வாசிப்பு வட்டம் அங்கேயே தொடங்கலாம், டானியலின் 'பஞ்சமர்' முதலாவது.

அம்மாவின் நிபந்தனை. அம்மா ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு வேலை. விடிய நாலரைக்கு எழும்புவா. பத்து வருசமாக அப்பா பின்னேரம் ஒரு சாக்கு முளைக்கீரையைக் கொண்டுவந்து குசினி மேசையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார். இரவு பத்து மணிக்கு இருந்து அதை ஆய்கிறது அம்மா. நான் மேலே சொன்ன முன்னூறு மணித்தியாலக் கணக்கில் அந்த நேரம் இல்லை. நான் எழுதவில்லை, எனக்குத் தோன்றவே இல்லை. கொப்பியை அம்மா பார்த்துவிட்டுத்தான் கேட்டா, "என்ர கீரை ஆயிற நேரம் எங்க பிள்ளை?" பெண்ணியம் பற்றி இரண்டு கட்டுரை எழுதின ஆள் நான். இப்ப அந்தக் கொப்பியில் இன்னொரு நிரல் இருக்கு. அம்மா சொல்வது: பிடுங்கிறவை ஆய்ந்துதான் வீட்டுக்குக் கொண்டுபோகவேணும். குழாய் அங்கயே இருக்கு.

விசா, வாடகை வேலையை விட்டுவிட்டு இதைச் செய்யச் சொல்லவில்லை. புதன்கிழமை ஆவண உதவி வழமைபோல நடக்கும். ஆனால் அங்கே வருகிற பொடியங்களில் சில பேர் ஒரு அறையில் ஐந்து பேராக இருக்கிறாங்கள், கடுதாசி வரும் வரைக்கும் வேலை செய்ய அனுமதி இல்லாமல், நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டு. போன மாசம் ஒருவரை அப்பாவுக்கு உதவிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். வன்னியில் வயல் செய்தவர். மண்வெட்டியைக் கையில் எடுத்து, பிடியைப் பார்த்து, "உது சரியில்லை அக்கா, இந்தப் பிடியால நாரி முறியும்" என்று கழற்றித் திருத்திப்போட்டார். பிரான்சுக்கு வந்து பதினொரு மாதத்தில் அவருக்கு ஏதாவது தெரியும் என்று யாரும் கேட்டது அன்றைக்குத்தான் முதல்தரமாம். அவருடைய பெயரில் துண்டு எழுத ஏலாது. அவரைக் கேட்காமல் என்ன நடுவது என்று நாங்கள் முடிவெடுக்கவும் கூடாது என்று நினைக்கிறேன்.

வாக்கெடுப்பு இந்தக் கிழமைக்குள். எடுப்பதென்றால் நவம்பர் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ளைப்பூடு நடவேண்டும், அதற்குப் பிந்தினால் மண் ஈரத்தில் ஒட்டும். பழைய சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாங்கோ. சாவி இரண்டு இருக்கு. ஒன்றை நான் தருவேன். மற்றதைத் தரமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார், முழங்கால் சரிவந்தபிறகு வந்து பார்க்கிறாராம் நாங்கள் என்ன செய்துவைத்திருக்கிறோம் என்று.